முதல் படியில் நத்தை

கணகணவென்று அபாய மணி அலறியபோது, ஒன்றாம் வகுப்பு டீச்சர் கீழே அலுவலகத்தில் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கையெழுத்து என்று சொல்லித்தான் தீயணைப்பு அதிகாரி வரச் சொல்லியிருந்தார். அது கையெழுத்துக்காக இல்லை என்பது மணி அடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மாடிப்படியைப் பார்த்து ஓடப்போனவளை அதிகாரி மறித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"ரெண்டாவது மாடியில என் பிள்ளைங்க தனியா இருக்காங்க சார்."

"என் ஆள் ஒருத்தர் மேல நிக்கிறாரு. விழ விடமாட்டாரு, வாயையும் திறக்கமாட்டாரு. நெருப்பு என்ன, டீச்சர் கிளாஸ்ல இருக்காங்களான்னு கேட்டுட்டா வரும்?"

போன மாத ஒத்திகை அவள் கண்முன் வந்தது. பிள்ளைகளை ஜோடி ஜோடியாகக் கைகோத்து இறக்கியிருந்தாள். பார்க்க அழகு, படியில் வினை. ஒருத்தி நின்றால் ஜோடியும் நின்றது. கைப்பிடி எட்டாத பக்கம் நின்ற பிள்ளை ஜோடியின் சட்டையைப் பிடித்துத் தொங்கியது. எல்லோருக்கும் கடைசியாக வந்தவள் நத்தை. இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவாள்; அதனால் வகுப்பு வைத்த பெயர். அதே மாடியிலிருந்து பின்னால் திமுதிமுவென்று வந்த ஐந்தாம் வகுப்பைப் பார்த்து மிரண்டு, படி திரும்புமிடத்தில் உட்கார்ந்தேவிட்டாள். கட்டடம் காலியாக ஆறரை நிமிடம்.

இன்று நான்கு நிமிடம் தாண்டினால் மேல்மாடிக்குப் பூட்டு. அவள் வகுப்பின் முப்பத்துநாலு பிள்ளைகளும் ஊரின் மறுகோடிப் பள்ளிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள்.

போன மாத ஒத்திகைக்குப் பிறகு ஜோடியை ஒழித்துவிட்டாள். ஒற்றை வரிசை, ஒரு கை கைப்பிடியில். நத்தை மட்டும் கடைசியில், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கை இப்போது கீழே பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தரைத்தளம் காலியானது. முதல் மாடியும் இறங்கிவிட்டது. படி வெறிச்சோடிக் கிடந்தது.

"போன தடவை உக்காந்த பொண்ணு இன்னைக்குப் படுத்துடாம இருந்தா சரி," என்று முணுமுணுத்தார் தலைமை ஆசிரியை.

தட், தட். ஒரு நிறுத்தம். தட், தட்.

ஆயிரம் பேர் நடந்தாலும் அந்தக் காலடியை டீச்சருக்குத் தெரியும். ஆனால் அது ஏன் முதலில் கேட்கிறது?

திருப்பத்தில் நத்தையின் செருப்பு தெரிந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி வந்தாள். ஒரு படி இடைவெளி விட்டு வகுப்பின் மகா வாலு, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், ரயில் பெட்டிகள் மாதிரி. எவரும் முந்தவில்லை. அவர்களை இடிக்க வழியில்லாமல் ஐந்தாம் வகுப்பும் பெட்டிப்பாம்பாக இறங்கிவந்தது.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்தி, தலைமை ஆசிரியையிடம் நீட்டினார். மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு நொடி.

பெற்ற மகள் முதலடி வைத்த நாளில்கூட டீச்சருக்கு நெஞ்சு இப்படி விம்மியதில்லை. குரலை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டாள்.

"வரிசைய யாருடா மாத்தினது?"

"நான்தான் டீச்சர்," என்றான் வாலு. "கடைசியில விட்டா பெரிய பசங்க இடிப்பாங்க. நீங்களும் இல்ல. அதான் நடுவுல நாங்க முப்பத்துமூணு பேரும் நின்னுக்கிட்டோம்."

அதிகாரி முட்டிபோட்டு நத்தையின் உயரத்துக்கு வந்தார்.

"போன தடவை பயந்து உக்காந்துட்டியாமே. இன்னைக்குப் பயமே இல்லையா?"

அவள் வாலுவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் உக்காந்தா இவங்க யாருமே இறங்க முடியாதே."