மீரானின் உணவுத் தாள்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, திண்டுக்கல் பேகம்பூரில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ரத்தம் பார்க்கப்பட்டது. கல்யாணப் பிரியாணி சமைக்கும் மீரானுக்கு வெறும் வயிற்றில் 238.

மீரான் கேட்டது ஒன்றுதான்: அடுப்படியில் தொடர்ந்து நிற்கலாமா? சொன்னபடி சாப்பிட்டால் நிற்கலாம் என்று, மாத்திரையோடு அச்சடித்த உணவுத் தாளும் கொடுத்தார்கள். காலை எட்டுக்கு இரண்டு இட்லி, பதினொன்றுக்கு மோர், மதியம் ஒரு கப் சோறு, அதைப்போல இரண்டு பங்கு காய். எந்த வேளையையும் தவறவிடக் கூடாது. மனைவி ஆரிபா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பத்து நாள் கழித்தும் சர்க்கரை இறங்கவில்லை. நாகல் நகரில் டாக்டர் பெலிக்ஸிடம் போனார்கள். அவர் தாளைப் படித்துவிட்டு, இது தப்பில்லை, எல்லாருக்கும் பொதுவாக எழுதியது, ஆளைப் பார்த்து மாற்ற வேண்டியது என் பொறுப்பு என்றார். என்ன வேலை என்று கேட்டார். பிரியாணி மாஸ்டர் என்றதும் சிரித்தார்.

"அப்ப உப்புப் பாக்குறேன், பதம் பாக்குறேன்னே அரைப் படி உள்ள போயிருமே. வீட்ல இட்லி, சோறு ரெண்டும் வேணாம் பாய். முட்டை, காய் போதும்."

மாத்திரையையும் கூட்டி எழுதினார். மீரான் மறுத்துப் பேசவில்லை. சமைக்கும் நாளில் கடைசிப் பந்தி எழும்வரை அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. அரிசி போடுமுன் உலைநீரை நாக்கில் தொட்டு உப்புப் பார்ப்பதோடு சரி. பிரியாணி மாஸ்டர் பட்டினி என்றால் யார் நம்புவார்கள் என்று கூச்சம்.

"இட்லி குடுன்னு ஒரு தாளு, குடுக்காதன்னு ஒரு சீட்டு. நான் யாரு பேச்சக் கேக்க?" என்றாள் ஆரிபா. மாத்திரை போடச் சொல்வதில் இரண்டும் ஒன்று என்றார் மீரான். ஆகவே மாத்திரையை மட்டும் அவர் தவறவிடவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு, ஒரு கல்யாணத்துக்கு ஆறு தேக்சா, பெரிய அண்டா, நிறையப் பிரியாணி. பதினொன்றரைக்கு அவர் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. இரண்டாவது தேக்சாவுக்கு உப்புப் போட்டாயிற்றா என்று மூன்று முறை கேட்டார். பிறகு, கூட வேலை செய்யும் ஆரிபாவின் தம்பி இஷாக்கைப் பார்த்து, நீ யார் என்றார்.

இஷாக் அக்காவுக்கு போன் போட்டான்.

"மச்சானுக்கு சுகர் இறங்கிருச்சாம்க்கா. இங்க உள்ளவங்க சீனி குடுக்கச் சொல்றாங்க. குடுக்கவா?"

அவள் தாளைப் பார்த்தாள். சர்க்கரை, வெல்லம், தேன் அறவே கூடாது. சீட்டில் சீனிக்கு அடிக்கோடே இருந்தது.

"ரெண்டுலயும் கூடாதுன்னுதான்ப்பா போட்டிருக்கு."

"ஆளு சாயிறாருக்கா."

"முழுங்குவாரா?"

"முழுங்குவாரு."

"அப்பக் கரைச்சுக் குடு. தாள நான் பாத்துக்கிறேன்."

கால் மணி நேரத்தில் மீரானுக்குத் தெளிந்தது. சமையலை இஷாக் முடித்தான்.

மறுநாள் பெலிக்ஸ் விசாரித்தார். நேற்று காலையில் என்ன சாப்பிட்டார்? ஒன்றுமில்லை. இந்தப் பழக்கத்தை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"நீங்க கேட்டது வேலையத்தான் டாக்டர்," என்றார் மீரான். "சாப்பாட்ட நீங்களே சொல்லிட்டீங்க."

பெலிக்ஸ் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பழைய தாளின்படியே சாப்பிடச் சொன்னார். சமைக்கும் நாளிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போக வேண்டும் என்றார். விருந்தாளி சாப்பிடுமுன் சமைக்கிறவன் எப்படிச் சாப்பிடுவது என்று மீரான் கேட்டார். பெலிக்ஸ் சொன்னதையே சீட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

டிசம்பர் 8 கல்யாணத்துக்கு இஷாக் சமைத்தான். விருந்தாளிக்கு முன் சாப்பிட மனம் வராத மீரான் போகவில்லை.