மூன்று ஸ்பூன் மஞ்சள்தூள்

ஜெயராம் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். தொண்ணூற்றொன்பது மே மாதத்தில் அந்தப் பெயர் எங்கள் அடையாறு வீட்டில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது ஒலித்தது. அவன் என் மனைவி நீரஜாவோடு இன்ஜினியரிங் படித்தவன். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுக்கும் தொழிலை இருவரும் சேர்ந்து ஆரம்பித்திருந்தார்கள். ஆபீஸ், எங்கள் வீட்டு முன்னறை.

ஒரு படம் முழுசாக வர அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் விடாமல் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் சூடாகிவிடும். அதிலும் அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். அதற்கு ஜெயராம் ஒரு வழி பண்ணினான். மாருதி கார் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றைப் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்தான். மெட்ராஸில் காருக்குள் ஹீட்டர் போடுகிற பைத்தியக்காரன் யார்? அதனால் புத்தம் புதிதாகவே கிடைத்ததாம். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் தண்ணீர், அதற்குள் மீன் தொட்டி பம்ப், கறுப்பு ரப்பர் குழாய், சிப்பின் தலைமேல் உள்ளே வாய்க்கால் வெட்டிய செம்புக் கட்டி. தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை எடுத்துக்கொண்டு போனது.

"எப்படிடா உனக்கு இதெல்லாம் தோணறது!" என்று நீரஜா பூரித்துப் போனாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஓரத்தில் ஈயம் வைத்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக. நீரஜா அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு நேராக டெலிபோனிடம் போனாள்.

"ஜெயராம், லீக் ஆறதுடா. சாயங்காலம் வரைக்கும் ஓடினாப் படம் முடிஞ்சுடும். திங்கட்கிழமை குடுத்தாகணுமே... சரி, மத்தியானம் வா."

நான் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதினோரு வருஷமாக மோட்டார் கிளெய்ம் பார்க்கிறவன். இந்த ஊரில் அடிபட்ட ரேடியேட்டர்களில் பாதியை நான் தடவிப் பார்த்திருப்பேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாளே என்று எரிச்சல் வந்தது.

"நான் குளிச்சுட்டு வந்துடறேன்னா. டம்ளர் ரொம்பினாக் கொட்டிடுங்கோ," என்றாள்.

டம்ளர் கொட்டத்தான் நான்!

ரேடியேட்டர் ஒழுகினால் லாரி டிரைவர்கள் நடுவழியில் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார்கள். மஞ்சள்தூளைப் போட்டுவிடுவார்கள். தூள் தண்ணீரோடு போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வண்டி திண்டிவனத்திலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேரும். சமையலறையிலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். தூக்குத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். இத்தனூண்டு ரேடியேட்டருக்கு இதுவே அதிகமோ என்று தோன்றியது. ஜெயராமை நினைத்துக்கொண்டு மூன்றாவது ஸ்பூனையும் போட்டு மூடினேன்.

கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த நீரஜா குனிந்து பார்த்தாள். "நின்னுடுத்தே! என்னன்னா பண்ணினேள்?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் சமாசாரம்," என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத்தான், எனக்கு மட்டும்தான். ஜெயராமுக்கு நானே போன் போட்டேன். "நீங்க வர வேண்டாம். நான் பார்த்துட்டேன்." அன்று வத்தக்குழம்புகூடத் தேனாக இனித்தது.

மத்தியானம் அவள் படம் கேட்டிருந்த கட்டடக்காரரைப் பார்க்க மயிலாப்பூர் போயிருந்தபோது தூக்குக்குள்ளிருந்து பம்ப் முனகும் சத்தம் கேட்டது. முனகல் நின்றது. நான் எழுந்து போவதற்குள் திரை கறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டேன்.

ஜெயராம் வந்து செம்புக் கட்டியைக் கழற்றினான். உள்ளே வாய்க்கால் முழுக்க மஞ்சள் களி. விரலால் தொட்டு மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கொல்லைக் குழாயில் கழுவினான். "சிப் எரிஞ்சுடுத்து சார். படமும் போச்சு," என்று மட்டும் சொன்னான்.

அதற்குள் நீரஜா வந்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான். "பம்ப் அடைச்சுண்டுடுத்து நீரு. தூக்கை நான் சரியாக் கழுவலை. என் தப்புதான்."

"அறிவிருக்காடா உனக்கு? மூணு மாசம் நாயா அலைஞ்சு பிடிச்ச வேலைடா! இனிமே அந்த மனுஷன் நம்மைத் திரும்பிப் பார்ப்பானா? எருமை! எருமை!" கையிலிருந்த ஃபைலால் அவன் தோளில் படபடவென்று அடித்தாள். அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாளாவது என்னை அவள் இப்படித் திட்டியதுண்டா? என் முன்னால் இப்படி அழுததுண்டா? நான் செய்த தப்புக்கு விழுகிற திட்டையும் இவனே வாங்கிக்கொண்டு போவானா?

"மஞ்சள்தூள் போட்டது நான்!" என்று கத்தினேன். "மூணு ஸ்பூன்! அவன் பொய் சொல்றான்!"

நீரஜா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். எருமை இல்லாவிட்டாலும் ஒரு கழுதையாவது வரும் என்று நிஜமாகவே காத்திருந்தேன்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவாயில்லைன்னா. நல்லதுக்குன்னுதானே பண்ணினேள். டிகாக்ஷன் இருக்கு, உள்ளே போய் காபி சாப்பிடுங்கோ," என்றாள், வந்த விருந்தாளியிடம் சொல்வது போல.

பிறகு ஜெயராம் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டா என்கிட்டப் பொய் சொன்னே, எருமை?"