கடைசிப் பக்கத்துக்கு ஓடிய புத்தகம்

நாகலக்ஷ்மி கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. வீட்டு டேப்லெட்டில் படித்து எந்த இடத்தில் நிறுத்தினாளோ, அந்த இடம் பஸ்ஸில் போனைத் திறந்தால் தானாக வந்து நிற்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இதற்கு ஓர் ஆப் கிடைக்காதா என்றுதான் ஆபீஸில் பக்கத்து சீட் ரெனியிடம் கேட்டாள்.

காரணம் இருந்தது. அவள் கணவர் சாம்பசிவனுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. புதன்கிழமை பைபாஸ். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் ஏழு நாள் பாராயணம் ஆரம்பிப்பதாக இருந்தாள். எண்ணூற்று நாற்பது பக்கப் புராணம், ஒரு நாளைக்கு நூற்றிருபது பக்கம், ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். அச்சுப் புத்தகமோ அம்மிக்குழவி கனம். கிழக்கேகோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையோடு அதை விரிக்க முடியுமா? பஸ்ஸில் பாராயணமா என்று அக்ரஹாரத்தில் யாராவது முகத்தைச் சுளித்தால், சமைத்து, ஆபீஸ் போய், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் காத்துக் கிடந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தாள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ரெனி சொன்ன முதல் ஆப்பில் ஞாயிறன்று டேபில் படித்தாள். திங்கள் காலை பஸ்ஸில் போனைத் திறந்தால், புத்தகம் நூற்றிருபதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் நின்றது.

புத்தகம் முடிந்துவிட்டது என்கிறதா? நாள் எண்ணிக் காத்திருக்கும் வேளையில் இது என்ன பேச்சு? வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. மதியம் ரெனியிடம், "இந்த ஆப் சரியில்லை, வேறே ஏதாவது போட்டுக் குடு" என்று மட்டும் கேட்டாள். ரெனி இரண்டாவது ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு முன்னால் உட்கார்ந்து இருநூற்று நாற்பது வரை முடித்தாள்.

செவ்வாய்க் காலை பஸ்ஸில் மறுபடியும் கடைசிப் பக்கம்.

ஆப் மாறியும் இது மாறவில்லை என்றால் அப்புறம் என்ன சந்தேகம்? ஆபீஸ் வந்து சேர்வதற்குள் அவள் மனசில் தாலி, பதிமூன்றாம் நாள், தனி வீடு எல்லாம் வந்து போய்விட்டன. நாற்காலியில் உட்கார்ந்ததும் உடைந்துவிட்டாள்.

"நாளைக்கு ஆபரேஷன் ரெனி. புஸ்தகம் தானா கடைசிக்கு ஓடறது. ரெண்டு தரமாச்சு. பகவான் எனக்கு முன்கூட்டியே சொல்றாராக்கும்."

ரெனி மலையாளம் கலந்து பேசும் பாறசாலைக்காரி. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். "கரையாதீங்க சேச்சி, கண்ணைத் தொடைங்க. தினமும் எப்படிப் படிப்பீங்களோ, அப்படியே எனக்கு முன்னால ஒண்ணு படிச்சுக் காட்டுங்க. மூடி வைக்கிறது வரைக்கும் காட்டணும், கேட்டோ" என்றாள்.

நாகலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தாள். பிறகு விரலால் சர்ரென்று தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கிருந்த மங்கள ஸ்லோகத்தை முணுமுணுத்தாள், கையைக் குவித்தாள், மூடினாள்.

"அம்மோ!" என்று ரெனி கத்தியதில் செக்‌ஷன் ஆபீஸர் எட்டிப் பார்த்தார். "தினமும் அதைக் கடைசியில கொண்டு விடுறது நீங்கதான் சேச்சி!"

"அது படிக்கறது இல்லையே. அன்னன்னிக்குப் படிச்சு முடிச்சா மங்களம் சொல்லித்தான் மூடணும். எங்காத்து வழக்கமாக்கும்."

"அது ஆப்புக்குத் தெரியுமா? நீங்க எட்டின தூரம் வரைக்கும் படிச்சாச்சுன்னு அது கணக்கு வச்சுக்கிடும். இந்த ரெண்டு ஆப்பும் அப்படித்தான்."

நாகலக்ஷ்மி யோசித்துப் பார்த்தாள். அச்சுப் புத்தகத்தில் இத்தனை வருஷமாக ஒரு மயிலிறகு பக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தது. மங்களம் ஒரு நாளும் இடத்தைக் கலைத்ததில்லை. பகவான் எதையும் சொல்லவில்லை, அவள் விரல்தான் சொல்லியிருக்கிறது! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்தக் கைக்குட்டை தேட வேண்டியதாயிற்று. இப்படி ஒரு நிம்மதிக்காக எத்தனை முட்டாள் பட்டம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அன்று இருவரும் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆப் தேடினார்கள். மூன்றாவதாக ஒன்று அகப்பட்டது. அதில் நாம் அடையாளம் வைத்த பக்கம் எல்லாக் கருவியிலும் அப்படியே இருக்கும். வேறு பக்கத்துக்கு நம்மைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு போகாது. "மரியாதை தெரிஞ்ச ஆப்" என்றாள் நாகலக்ஷ்மி.

புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐந்து மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தும் உள்ளே போகவில்லை. டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றதும் போனை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விட்டுப்போன பக்கங்களை வியாழனும் வெள்ளியும் சேர்த்துப் படித்து ஈடுகட்டினாள். வெள்ளி மாலை சாம்பசிவனை ஐசியூவிலிருந்து அறைக்கு மாற்றினார்கள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலேயே எழுநூற்று எண்பத்தொன்று வரை வந்துவிட்டாள். மீதியை வீட்டில் விளக்கு முன்னால் முடிக்கலாம் என்று கிளம்பினாள். அவருடைய போன் ரிப்பேரில் இருந்ததால், தன் போனையே அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

குளித்துவிட்டு டேபைத் திறந்தால், அது ஒரு கேள்வி கேட்டது. போனில் 803ஆம் பக்கம் வரை படிக்கப்பட்டிருக்கிறது, அங்கே போகலாமா?

அவள் இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். எண்ணூற்று மூன்று மங்களப் பக்கமும் இல்லை, அவள் படித்த பக்கமும் இல்லை. ஈரத்தலையோடு எழுந்துபோய் லேண்ட்லைனில் தன் நம்பரையே கூப்பிட்டாள்.

"ஏன்னா, என் புஸ்தகத்தை எடுத்தேளா?"

"சும்மாதானே கெடக்கேன், எடுத்தேன். நீ நிறுத்தின எடத்துலே யுத்தம் முத்தி நிக்கறது. யாரு ஜெயிச்சான்னு தெரிய வேண்டாமோ? எழுத்தும் பப்படம் பப்படமா வச்சிருக்கே, கண்ணாடியே வேண்டாம்."

கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்றுவிடுகிற மனிதர். போன மாதம் பேப்பரில் தலைப்பைப் படித்ததுமே மூச்சு வாங்குகிறது என்று மடித்து வைத்தவர். இருபத்திரண்டு பக்கம் படித்திருக்கிறார்.

"மூச்சு வாங்கலையே?"

"இல்லேடி."

"அப்போ அதோட நிறுத்துங்கோ. நான்தான் முதல்லே முடிக்கணும், என் பாராயணமாக்கும்."

"நீ முடிச்சுக்கோ நாகு. நான் நாளைக்கு, நாளன்னைக்குன்னு மெதுவாப் படிச்சுக்கறேன். எனக்கு இப்போ என்ன அவசரம்?"

நாகலக்ஷ்மி போனை வைத்தாள். டேபில் வேண்டாம் என்பதை அழுத்தி, எழுநூற்று எண்பத்தொன்றிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.