கறுப்பு டேப் சுத்தின சுவிட்சு

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அந்தச் சுவிட்சுல கறுப்பு டேப் சுத்தியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் தூக்கிவிட்டேன்.

இங்க ஜாம்பியாவுல, லுசாக்காவுல கரண்ட் போனா மெயின் போர்டுல இருக்கிற சுவிட்சையெல்லாம் இறக்கிடுவோம். திரும்ப வர்ற வேகத்துல ஃபிரிட்ஜ் கருகிடக்கூடாதே. வந்ததும் வரிசையாத் தூக்குவோம், கை தானாவே செய்யும். தங்கச்சி மாதிரி பழகுற சோல்வே வீட்டுலயும் அதைத்தான் செஞ்சேன். பழைய டேப், தொட்டதும் உரிஞ்சு கையோட வந்துருச்சு.

சோல்வேவுக்கு மறுநாள் நெட்டுல வேலை நேர்காணல். அவ இருக்கிறது பின்பக்கத் தனி அறை, நெட் முன்வீட்டோட சரி. சுவத்துக் கரண்ட் கம்பி வழியாவே நெட்டைக் கடத்துற சின்னப் பெட்டி ரெண்டு கொண்டுபோயிருந்தேன். ஒண்ணை முன்வீட்டுலயும், இன்னொண்ணை அவ அறை மூலையில இருந்த பழைய பிளக்குலயும் செருகினேன்.

"அண்ணா, அது செத்துப்போன பிளக்கு," என்றாள் சோல்வே.

பச்சை விளக்கு எரிஞ்சது.

"நான் தொட்டா செத்ததும் எந்திரிக்கும்மா," என்று பீத்திக்கிட்டேன். அவ அம்மா சிரிச்சுக்கிட்டே ன்ஷிமாக் களியும் பூசணிக்கீரையும் போட்டாங்க. சாப்பிடும்போதே கரண்ட் போச்சு. சுவிட்சையெல்லாம் இறக்கினா சோல்வே.

"வந்ததும் ஒண்ணு விடாமத் தூக்கிடு. இல்லேன்னா நெட் வராது," என்று அவகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன். அம்மா துணி துவைக்கப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாங்க.

மினிபஸ்ல ஏறி, கிட்வே சுரங்கத்துல வேலை பார்க்கிற சோல்வே அப்பாவுக்குப் போன் போட்டு, வேலை முடிஞ்சதுன்னு சொன்னேன்.

"எந்தப் பிளக்குல போட்டே?"

"மூலையில இருக்கிறதுல."

"டேப் போட்ட சுவிட்சைத் தூக்கினியா? அந்தப் பிளக்குக்குப் போற கம்பி மண்ணுக்குள்ள பிஞ்சு, பின்பக்கத் தண்ணிக் குழாயில ஒட்டிக்கிடக்குதுடா. நம்ம நாய் அங்கதான் செத்துச்சு. பயப்படுவாங்கன்னு வீட்டுல நான் சொல்லலை."

பெட்டி வேலை செய்யுதான்னு என் போன்ல ஒரு புள்ளி காட்டும். அது சாம்பல் நிறமா இருந்தது. கரண்ட் இன்னும் வரலை. அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கலை. சோல்வேயும் எடுக்கலை.

"பஸ்ஸை நிறுத்துப்பா."

"என்ன தலைவரே, அடுப்புல பானையை விட்டுட்டு வந்துட்டியா?" என்றான் கண்டக்டர்.

குதிச்சு ஓடினேன். ஓடிக்கிட்டே போனைப் பார்த்தேன். புள்ளி பச்சையாயிருச்சு. கூடவே சோல்வேகிட்ட இருந்து செய்தி: "நெட் வந்திருச்சு அண்ணா. நீங்க சொன்னபடி ஒண்ணு விடாமத் தூக்கிட்டேன்."

கூப்பிட்டேன். உடனே எடுத்தா.

"அம்மா எங்கே?"

"துணி அலசுறாங்க. ஏன் அண்ணா இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"மெயினை இறக்கு. ஓடு."

அவ ஓடுற சத்தம் கேட்டது. பாதியில நின்னுபோச்சு.

"அம்மா?" என்றாள், மெதுவா.

நான் போனைப் பார்த்தேன். புள்ளி பச்சையாவே இருந்தது.