பச்சை மூடி டப்பா

சுகுணாவின் வீட்டில் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் உரிமை கோபிக்குக் கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நின்றபடியே தூங்கிப்போன மனுஷனை நம்பி எந்தப் பெண்டாட்டிதான் சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள்? பால் போனது, பாத்திரம் போனது, சுவரில் ஒரு கருப்புக் கறை மட்டும் மிச்சம். அன்றிலிருந்து மகள் ஹரிணியின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு அடுப்பில்லாத பலகாரம்தான்.

செய்வது ஒன்றும் பிரமாதமில்லை. வறுத்தே விற்கிற வேர்க்கடலையைத் தோல் ஊதி மிக்ஸியில் ஒரு சுற்று. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒரு சுற்று. அவல், பொடித்த வெல்லம், கொஞ்சம் ஏலக்காய். தாம்பாளத்தில் கொட்டிப் பிசைந்தால் பழத்தின் பிசுக்கே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையில் நெய்யைத் தொட்டு உருட்டினால் முடிந்தது. சுகுணா தூங்குகிற பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு, விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். கோபி ஏழரைக்கு வந்து, பிள்ளைக்குத் தலைவாரி, டப்பாவில் இரண்டு உருண்டையைப் போட்டு ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவனும் இதில் தப்புப் பண்ண முடியாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் இருப்பது வரிசையாக ஐந்து வாசல் கொண்ட லைன் வீடு. முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா நாராயணம்மா. பின்னாலிருந்த குடோனில் அவள் கேழ்வரகு மூட்டை அடுக்கியிருந்தாள். மூட்டைக்கு மூட்டை எலி. திங்கட்கிழமை சாயங்காலம் சுகுணா உருட்டிக்கொண்டிருந்தபோது நாராயணம்மா வந்து நின்று புலம்பினாள். மசால்வடை வைத்தாள், கருவாடு வைத்தாள், தக்காளிகூட வைத்தாள், எதையும் மோந்து பார்க்கவில்லையாம். போன வாரம் ஹரிணி கை தவறி விட்ட உருண்டையை மட்டும் ஒரு எலி பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு ஓடியதை இரண்டு பேருமே பார்த்திருந்தார்கள். ஒரு கைப்பிடி மாவு கொடேன், அதில் மருந்தை வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டாள்.

என் கைப்பக்குவம் எலிக்குத்தான் தெரிகிறது, பெத்த பிள்ளைக்குத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சுகுணா மாவை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓயாமல் நடக்கிற டப்பா அது. இங்கிருந்து கறிவேப்பிலையோடு போகும், அங்கிருந்து ஊறுகாயோடு வரும்.

மறுநாள் காலை டீ பிரேக்கில்தான் முனிலட்சுமி அதைச் சொன்னாள். முனிலட்சுமி அதே லைனில் கடைசி வீடு, அதே கம்பெனி, அதே பஸ்.

“அக்கா, எலிக்கு வெக்கறத உங்க வூட்டு ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிருக்குது அந்தம்மா. கொழந்த இருக்கற வூடுன்னு தெரியாதா?”

எதை என்று சுகுணா கேட்டாள். முனிலட்சுமி பன்னைக் கடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாராயணம்மா கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு உருண்டை உருட்டியதைப் பார்த்தாளாம். பக்கத்தில் எலி மருந்துப் பொட்டலம். காலையில் சுகுணா கிளம்பிப் போன பிறகு, முனிலட்சுமி தன் கதவைப் பூட்டும்போது அந்தம்மா பட்டுப்புடவை கட்டி, ராயக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போகிற வழியில் சுகுணா வீட்டு ஜன்னலில் பச்சை மூடி டப்பாவை வைத்தாள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை, ஆனால் உள்ளே உருண்டைகள் இருந்தது நிச்சயம்.

சுகுணா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூட்டைத் திறக்கிறவன் கண்ணில் முதலில் படுவது அந்த டப்பாதான். அவள் செய்தது பிரிட்ஜ் மேல் தூக்குவாளியில் இருக்கிறது. ஜன்னலிலேயே உருண்டை கிடைக்கும்போது கோபி எதற்குத் தூக்கைத் தேடப் போகிறான்? பத்தரைக்கு ஸ்கூலில் ஸ்நாக்ஸ் பெல். கேன்டீன் கடிகாரத்தில் பத்தாகப் போகிறது.

போன் கையில் இல்லை. உள்ளே யாருக்கும் போன் கிடையாது. கேட்டில் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும். லைன் லீடர் விஜயகுமாரிடம் ஓடினாள். வாயைத் திறந்தால் வார்த்தை வரிசையாக வரவில்லை. எலி, பிள்ளை, உருண்டை என்று மூன்று சொல்தான் வந்தது. அவர் பாதி புரிந்துகொண்டு, அவளுடைய இடத்தில் தானே உட்கார்ந்து, போம்மா என்றார். நீலக் கோட்டையும் தலைத்தொப்பியையும் கழற்ற மறந்து அப்படியே கேட்டுக்கு ஓடினாள்.

கோபிக்கு ரிங் போய்க்கொண்டே இருந்தது. தூங்கும்போது போனைச் சைலண்டில் போடச் சொன்னது அவளேதான். நாராயணம்மா தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். ஸ்கூல் ஆபீஸ் நம்பர் பிஸி. ஃபீஸ் கட்டச் சொல்லி நாள் தவறாமல் கூப்பிடுகிற நம்பர் அது. இன்றைக்கு அவள் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை.

ஆட்டோ சிப்காட் ரோட்டில் ஏறியதும் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே திரும்பத் தொடங்கியது. திரும்பியது, நின்றது, பின்னால் வந்தது. அதற்குள் ஒரு பிள்ளை இரண்டு உருண்டையைத் தின்று தண்ணீர் குடித்து வாய் துடைத்துவிடும் என்று சுகுணா நினைத்தாள். ஹரிணிக்கு இந்த உருண்டை அலுத்துப்போய்விட்டது, தினமும் இதேவா என்று சிணுங்குவாள். மிச்சம் வைத்தால் அடி என்று நேற்றுக்கூட மிரட்டியிருந்தாள். மிச்சம் வை, தூக்கிப் போடு, நாய்க்குப் போடு என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

அப்போது கோபி கூப்பிட்டான். இத்தனை மிஸ்டு கால் எதற்கு என்றான் தூக்கக் குரலில்.

“என்னாங்க, பாப்பாவுக்கு எந்த உருண்டைய வெச்சீங்க?”

“ஜன்னல்ல இருந்துச்சே, அதான். நீ எடுத்து வெச்சிருக்கறன்னு நெனச்சேன்.”

சந்தேகம் என்று ஒன்று இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தது. இப்போது அதுவும் போனது. டப்பாவில் மிச்சமிருப்பதைத் தொடாதீர்கள், நாராயணம்மா வாங்கிய மருந்துப் பொட்டலத்தைத் தேடுங்கள் என்று மட்டும் சொன்னாள். கோபி என்ன என்று கத்திக் கேட்பது காதில் விழுந்தது. லாரி நகர்ந்தது.

ஸ்கூல் கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பெல் அடித்து முடிந்திருந்தது. வராண்டா முழுக்கப் பிள்ளைகள், திறந்த டப்பாக்கள், பிஸ்கட், மிக்சர், மாதுளை. தூணோரம் ஹரிணி. அவள் டப்பா காலியாக இருந்தது.

சுகுணா மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தாள். “தின்னுட்டியா? சொல்லு, தின்னுட்டியா?”

ஹரிணிக்குக் கண் கலங்கிவிட்டது. அடி விழும் என்று பயம். “நா தின்னலம்மா. ப்ரியா கேட்டா. ரெண்டையும் அவளுக்கே குடுத்துட்டேன்.”

சுகுணா இரண்டு கையையும் கூப்பித் தலைக்கு மேல் தூக்கினாள். முனீஸ்வரா, காப்பாத்திட்டடா என்று வாய்விட்டே சொன்னாள். பிள்ளையின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கிருந்தது சந்தோஷம்தான், வேறு எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது.

அப்புறம்தான் ஹரிணிக்குப் பின்னால் நின்ற அந்தப் ப்ரியாவை, பிரியதர்ஷினியைப் பார்த்தாள். இரட்டைச் சடை, முன்பல் இரண்டு விழுந்த வாய். அவள் விரலில் வெள்ளையாக ஒரு மாவு ஒட்டியிருந்தது. அதை அவள் நக்கிக்கொண்டிருந்தாள்.

சுகுணா செய்கிற உருண்டை கருப்பாக இருக்கும். அந்த வெள்ளை மருந்துதான் என்று முடிவு பண்ணிவிட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, பிள்ளையை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். டீச்சர் பின்னாலேயே ஓடிவந்தார். ஹரிணியும் வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். யாருக்கும் அவளை இறக்கிவிடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது மருந்தின் பெயர். அது தெரியாது. எவ்வளவு கலந்தார்கள்? தெரியாது. பிரியதர்ஷினி கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னதற்கு, சில மருந்து உடனே எதுவும் காட்டாது, இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும், சிரிப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்தபோதெல்லாம் சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி குத்தும்போது அழுத குழந்தை அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டது. அந்த விரல்களின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

கோபி மறுபடி கூப்பிட்டான். குடோன் பூட்டியிருக்கிறது, குப்பை வண்டி வந்து போய்விட்டது, பொட்டலம் எங்கேயும் இல்லை. பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டான். உடை என்று சொல்ல வாயெடுக்கும்போது நாராயணம்மாவின் நம்பர் வந்தது. பின்னால் கெட்டிமேளம்.

“எத்தன போனும்மா பண்ணியிருக்கற. யாருக்கு என்னா ஆச்சி?”

சுகுணா சொன்னாள். அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு மேளமும் தள்ளிப்போனது. நாராயணம்மா மண்டபத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

“எலிக்கு வெச்சது கொட்டாங்குச்சில, மூட்டைக்கு அடியில இருக்குது. உன் மாவ எடுத்துகினு டப்பாவ அப்பவே கழுவி கவுத்துட்டேன். காலையில பொட்டுக்கடலைய அரைச்சி, சக்கரையும் நெய்யும் போட்டு, பாப்பாவுக்குன்னு புடிச்சி வெச்சேன். வெறும் டப்பாவ எப்பிடிம்மா திருப்பிக் குடுப்பாங்க?”

சுகுணாவுக்குத் தெரியாத வழக்கமா அது? ஊத்தங்கரையில் அவள் பிறந்த வீட்டிலும் அதேதான். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் பாத்திரம் திரும்பும். போன மாதம் நாராயணம்மாவின் கிண்ணத்தில் அவளே இரண்டு கற்கண்டைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். பயம் வந்தபோது அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குடோன் சாவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பதை நாராயணம்மாவே சொன்னாள். கோபி குடோனைத் திறந்து கொட்டாங்குச்சியைப் பார்த்தான், கருப்பு உருண்டைகளைப் பார்த்தான், எலி கடித்துப்போட்டிருந்ததையும் பார்த்தான். ஜன்னல் டப்பாவில் மிச்சமிருந்தது வெள்ளை. எதற்கும் சாயங்காலம் வரை இருக்கட்டும் என்று டாக்டர் பிள்ளையை வைத்துக்கொண்டார்.

பிரியதர்ஷினியின் அம்மா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்து கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தாள். டீச்சர் நடந்ததையெல்லாம் சொன்னார். சண்டைக்கு வருவாள், வரட்டும் என்று சுகுணா எழுந்து நின்றாள். அந்தப் பெண் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பொண்ணு மாதிரியே நெனச்சித் தூக்கிகினு ஓடியாந்தீங்களாம். டீச்சர் சொன்னாங்க. வேற யாரு செய்வாங்க?”

சுகுணா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஹரிணி உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோ தர்காவைத் தாண்டியதும், ஹரிணி அம்மாவின் நீலக் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

“நா தின்னலன்னு சொன்னப்போ நீ ஏம்மா சாமி கும்பிட்ட?”

“பயத்துல கும்பிட்டேன்டி.”

ஹரிணி பொத்தானை விட்டாள்.

“ப்ரியா அங்கயே நின்னுகினு இருந்தாளே. உனுக்கு அப்பவே பயம் போயிடுச்சா?”

சுகுணா மகளை மடியில் இழுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். ஹரிணி கொஞ்சம் நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.