மூன்று விரல் உயரம்

வண்டி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நிற்கும் பிக்கப்பைப் பார்த்துவிட்டு என் கணவரிடம்தான் மைலேஜ் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். ஓட்டுவது நான், சரக்கு ஏற்றுவது நான், டயர் பஞ்சரானால் நடுரோட்டில் நின்று ஊரைக் கூட்டுவதும் நான்தான்.

ஆறு வருஷமாகக் கட்டில், பீரோ, டைல்ஸ் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் உருப்படியாக ஒன்று வந்தது. மலைமேல் புதிதாக ஓர் ஆய்வுக்கூடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே வாரம் இரண்டு நடை அளவுக்கருவிகளைக் கொண்டுபோக வேண்டும், ஒரு வருஷத்துக்கு. யாரிடமும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கடைசி ஒன்பது கிலோமீட்டர் ரோடே கிடையாது, வெறும் கல்லும் பள்ளமும். வெள்ளிக்கிழமை ஒரு சோதனை ஓட்டம் என்றார் அந்த ஆய்வுக்கூடத்து எஞ்சினியர். கருவியின் எடைக்கு ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். பெட்டி பலமாகக் குலுங்கினால் ஸ்டிக்கர் சிவப்பாகிவிடும். வெள்ளையாகவே மேலே போய்ச் சேர்ந்தால் வேலை எனக்கு. ஒத்திகைக்கு என்று மூன்று ஸ்டிக்கர் கையில் கொடுத்தார். நல்ல பையன்.

"சஸ்பென்ஷன மாத்தணும்" என்றார் என் கணவர். சரியாகத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானே மாத்திடுறேன், இதெல்லாம் ஒரு விஷயமா" என்றார் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

என் அண்ணன் மெக்கானிக். அவர் கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் போன வருஷம் என் கணவர் வைப்பரை இடம் வலம் மாற்றி மாட்டி, அவை இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை அண்ணன் ஒரு சொந்தக்காரரையும் விடாமல் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தார். அதிலிருந்து மச்சான் கடைப் பக்கமே இவர் தலைவைத்துப் படுப்பதில்லை. நாலு அட்டைப்பெட்டியில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் வந்து இறங்கின. இவர் இரண்டு நாள் லீவு போட்டு, போனில் வீடியோவை ஓடவிட்டு, வண்டியை நாலு ஸ்டாண்டின் மேல் தூக்கி நிறுத்தினார். நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. நான் டார்ச் பிடித்தேன். ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி, தம் கட்டி, எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினார். கைத்தோல் உரிந்தது. பாவமாகக்கூட இருந்தது.

வண்டியைக் கீழே இறக்கியதும் அளந்து பார்த்தோம். ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்த கணக்கைவிட மூன்று விரல் கூடுதல் உயரம். "பாத்தியா, கம்பெனிக்காரன் சொன்னதவிட அதிகம்" என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

ஓட்டிப் பார்த்தேன். ரோட்டில் கிடந்த தீக்குச்சியைக்கூட என் முதுகெலும்பு எண்ணியது. முதல் ஸ்டிக்கர் தார் ரோடு முடிவதற்குள்ளேயே சிவந்துவிட்டது.

"புதுசுல்ல, போகப் போகப் பழகிடும்" என்றார்.

"பழகுறதுக்கு இது என்ன செருப்பா?" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நானே அண்ணனுக்கு போன் போட்டேன். வந்தவர் வண்டியைச் சுற்றி நடந்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்து அளந்தார். குனிந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"மாப்ள, போல்ட்டெல்லாம் கடைசியா டைட் பண்ணப்ப, வண்டிய தரையில இறக்கி வச்சுத்தான பண்ணீங்க? தூக்கி வச்சு இல்லையே?"

அந்தக் கேள்வியிலேயே சரியான பதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தரையில வச்சுத்தான் மச்சான். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மேலே வைத்து முறுக்கினால் என்ன, கீழே வைத்து முறுக்கினால் என்ன, முறுக்கியது முறுக்கியதுதானே என்று நினைத்தேன். அது பாதி. மீதி, இவர் மானம் என் அண்ணன் முன்னால் இன்னொரு தடவை கப்பலேற வேண்டாம் என்பதுதான். வைப்பர் கதையே இன்னும் ஓயவில்லை.

புதனும் வியாழனும் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வாசலில் மல்லாந்து கிடந்தார். டயரில் காற்றைக் குறைத்தார். ஷாக் அப்சர்பரைக் கழற்றி, கையால் அமுக்கிப் பார்த்து மாட்டினார். பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்தார். இரண்டாவது ஸ்டிக்கரும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. அந்த எட்டு போல்ட்டை மட்டும் அவர் தொடவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்ன பிறகு அதைக் கழற்றிப் பார்த்தால், நம்பவில்லை என்றாகிவிடும். இவரோ டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு, "ரோடு மோசம் மச்சான், ரோடுதான் மோசம்" என்று பின்பாட்டு பாடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலில் டீ டம்ளரைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் முன் சீட்டில் ஏறினார். நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். நாலாவது வளைவில் ஒரு கல், கைமுட்டி அளவுகூட இல்லை, முன்சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். இறங்கிப் போய்ப் பெட்டியைப் பார்த்த எஞ்சினியர் திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சிவந்திருச்சுக்கா. இன்னொரு ஆளு நேத்தே பாஸ் பண்ணிட்டாரு. நீங்க வரணும்னுதான் நானும் நெனச்சேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு வந்தார், அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் கூப்பிடாமலே வந்தார். மனசு ஆறவில்லை என்றார். யாரிடமும் கேட்காமல் அடியில் போய்ப் படுத்து, பின்பக்கத்து போல்ட் ஒன்றைத் தளர்த்தினார். வண்டியின் பின்புறம் சரக்கென்று கீழே இறங்கியது.  அண்ணன் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். தொங்கின நிலையில் முறுக்கியதால் போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்கும் ரப்பர் அப்படியே இறுகிப்போய், வண்டியின் பாரம் இறங்கியதும் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஸ்பிரிங்கை ஆடவிடாமல் அதுதான் பிடித்து வைத்திருந்தது. நாங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய மூன்று விரல் உயரமும் அதுதான்.

எட்டையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, நாலு தடவை அமுக்கிவிட்டு முறுக்கினார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மூன்று பேருமாக மலைக்குப் போனோம். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாலாவது வளைவில் அதே கல்லின் மேல் வேண்டுமென்றே ஏற்றினேன். ஏறியது, இறங்கியது. இருக்கையில் தூங்கியிருக்கலாம்.

"பாத்தியா? ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் என் கணவர். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் ஒரு கை அவர் பக்கம் போயிருக்கும்.

வண்டியைத் திருப்புகிற இடத்தில் அவர் போட்டோ எடுக்க இறங்கிப் போனார். அண்ணன் பின்னாலிருந்து குதித்து என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"மாப்ள வேலை பாத்த அன்னிக்கு நீ லோடு ஏத்தப் போயிருந்தியாம்மா?"

தப்பித்துக்கொள்ள அவரே வழி செய்து கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லண்ணே. கூடவேதான் நின்னேன்."

"நான் கேட்டப்பவும் கூடத்தான் நின்ன."

"அவரு முகம் வாடிடும்னு..."

அண்ணன் கை கிரீஸை ஒரு துணியில் துடைத்தார். கோபப்படவில்லை.

"அவரு முகம் வாடக் கூடாதுன்னு உன் பொழப்ப விட்டுக் குடுத்திருக்க. அதுக்கு ரெண்டு நாள் என்னையும் கூட்டு சேத்திருக்க."

 எனக்கு அழுகை வரவில்லை, வந்தது ஆத்திரம்தான், அதையும் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி என்றுதான் பிரிக்க வேண்டியிருந்தது. என் கணவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்தார்.

"நீங்க பின்னால ஏறுங்க. அண்ணன் இங்க வரட்டும்" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"போற வழியில யோசிங்க. நானும் யோசிச்சுட்டுத்தான் வரேன்."