அதே நம்பர்தான் வேணும்

புது இணைப்புக்கு நாகஜோதி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வீட்டு நம்பர் மாறக் கூடாது.

"அம்மா, இன்னைக்கு லேண்ட்லைன் வச்சிருக்கிறது போலீஸ் ஸ்டேஷனும் நம்ம வீடும்தான்," என்று ஓசூரிலிருந்து மகன் சிவக்குமார் செல்போனில் சிரித்தான். "நெட்டு மட்டும் போட்டுக்குவோம். எதுக்கு அந்தப் பழைய நம்பரு?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான்டா. அதையும் புடுங்கிட்டா அவரு எதை வச்சு வீடு வந்து சேருவாரு?"

"சரிம்மா, அதே நம்பரையே கேட்டு வாங்குவோம்," என்றான் சிவக்குமார்.

அவள் கணவர் முத்திருளனுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். முதலில் பேரனின் பெயர் போனது. பிறகு குளித்தது, சாப்பிட்டது, குடியிருக்கும் தெரு. ஆனால் திருநகரில் வீடு கட்டிய வருடம் வாங்கிய தொலைபேசியின் எண் மட்டும் போகவில்லை. யார் கேட்டாலும் பழங்காநத்தம், பைகரா, பசுமலை என்று ஸ்டாப் பெயர் சொல்கிற அதே குரலில் வரிசை பிசகாமல் சொல்லிவிடுவார்.

அந்த எண்தான் அவரை ஆறு முறை திருப்பிக் கொண்டுவந்தது. பசுமலை டீக்கடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். திருப்பரங்குன்றத்தில் பூ விற்கிற அம்மா கூப்பிட்டாள். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண் கூப்பிட்டு, "தாத்தா என்னைய டிக்கெட் எடுக்கலைன்னு திட்டிக்கிட்டு இருக்காரு, சீக்கிரம் வாங்க" என்றாள்.

வேறு வழிகளையும் நாகஜோதி பார்த்துவிட்டாள். செல் நம்பர் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டால், நாலாகக் கிழித்து எதிரே வருகிறவர்களுக்கு டிக்கெட்டாகக் கொடுத்துவிடுவார். இருக்கும் இடத்தைக் காட்டும் என்று மகன் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது.

பழைய கம்பியோ நைந்துபோயிருந்தது. மழை பெய்தால் ஒரு வாரம் மூச்சு இருக்காது. இனி அந்தக் கம்பியைச் சரிபார்க்க ஆள் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் வேறு கம்பெனிக்கு மாற வேண்டியதாயிற்று.

புதுக் கம்பெனியிலிருந்து வந்த அருண்பாண்டிக்கு நாற்பது வயதிருக்கும். காகிதங்களை மேசையில் பரப்பினான்.

"அம்மா, ஒரு விஷயம் மட்டும். அவசரப்பட்டுப் பழைய லைனை வேணாம்னு எழுதிக் குடுத்துறாதீங்க. குடுத்தா நம்பர் போச்சு. நாங்க இங்கிட்டு மாத்துறவரைக்கும் அது உசுரோட இருக்கணும்."

"எத்தனை நாளு?"

"நாலஞ்சு நாளு. நடுவுல ரெண்டு நாளு மணி அடிக்காது."

"அந்த ரெண்டு நாளும் நான் அவரு கையைப் புடிச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க நம்பரை மட்டும் விட்டுறாதீங்க தம்பி."

"சொத்தைக்கூட இம்புட்டுக் கவனமா யாரும் மாத்தி எழுதிக்கிறதில்லம்மா," என்று சிரித்த அருண்பாண்டி, ஒரு இடத்தில் விரல் வைத்தான். "லைன் அய்யா பேருல இருக்கு. அவரு கையெழுத்து வேணும். பழைய பாரத்துல போட்ட மாதிரியே."

அவர் பேனா பிடித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நாகஜோதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முத்திருளனிடம் காகிதத்தை நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "கடைசி ட்ரிப்பு முடிஞ்சிருச்சுங்க. ஷீட்டுல கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

முத்திருளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் கை போனது, அங்கே பேனா இருக்கிறதா என்று பார்க்க.

"டிரைவர் போட்டாச்சா?"

"போட்டுட்டேன்ணே," என்றான் அருண்பாண்டி, தன் பேனாவைக் கொடுத்தபடி.

ஒரே இழுப்பில், கடைசியில் இரண்டு புள்ளியோடு, கையெழுத்து விழுந்தது. நாகஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அருண்பாண்டி தன் செல்லிலிருந்து அந்தப் பழைய எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. நாகஜோதி ரிசீவரை எடுத்து எதிரிலேயே நிற்கிறவனிடம், "ஹலோ, யாரு?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று அவள் சேமியாப் பாயசம் வைத்தாள். அவர் இரண்டு தம்ளர் குடித்தார்.

நம்பர் தங்கிவிட்டது என்கிற தைரியம் அவளைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிட்டது. முன்பெல்லாம் குழாயடிக்குப் போனாலும் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெறுமனே சாத்திவிட்டுப் போனாள். இரண்டு குடம் பிடித்துவிட்டுத் திரும்பினால் கேட் திறந்து கிடந்தது. அவருடைய செருப்பு வாசலிலேயே இருந்தது.

தெரு முனைவரை ஓடிப் பார்த்தாள். உடனே திரும்பி ஓடி வந்தாள். போன் அடித்தால் எடுக்க ஆள் வேண்டுமே.

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் தேடிப் போனார். சிவக்குமார் ஓசூரிலிருந்தே போலீஸில் சொன்னான். "நீயும் ஒரு ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாரும்மா" என்றான்.

"நான் போயிட்டா இதை யாரு எடுப்பா? இப்ப அடிச்சிரும்டா. யாராச்சும் கேப்பாங்க, சொல்லிருவாரு."

பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தம் வந்தது. எங்கே அந்த நொடியில்தான் யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று பதறி வைத்தாள். பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அவரோடு வேலை பார்த்த காளை, காக்கிச் சட்டையோடு அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். முத்திருளனின் உதடு வெடித்திருந்தது. பாதம் இரண்டும் கொப்பளம்.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாரு மதினி. காலையில இருந்து அங்கனதான். கொய்யாப்பழம் விக்கிற தங்கப்பொண்ணு சொல்லுச்சு."

"யாருமே நம்பர் கேக்கலையா?"

"கேக்காம இருப்பாகளா? ஆளாளுக்குக் கேட்டிருக்காக. முன்னூத்திப் பன்னெண்டு, முன்னூத்திப் பன்னெண்டுன்னு அதையே சொல்லியிருக்காரு. பஸ் நம்பரைச் சொல்றாருன்னு நெனச்சு, அந்த பஸ்ஸு இங்கன வராது பெரியவரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அப்படி ஒரு ரூட்டே கிடையாதே மதினி."

நாகஜோதி கணவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"திருநகர் நம்பரைச் சொல்லலையா?"

"நானே எடுத்துக் குடுத்தேன். நம்ம வீட்டு நம்பரைச் சொல்லுங்கண்ணேன்னா, அது யாரு வீடுங்குறாரு."

முன்னூற்றுப் பன்னிரண்டு, உசிலம்பட்டியில் அவளுடைய அப்பாவின் பருத்திக்கொட்டைக் கடை போன். அப்போது அந்த ஊர் எண்களுக்கு மூன்றே இலக்கம். பரிசம் போட்டபிறகு கல்யாணத்துக்கு முன்பு கிடைத்த ஐந்து மாதமும், அப்பா சந்தைக்குப் போகும் நாள் பார்த்து, மதுரையில் ஒரு மருந்துக் கடையிலிருந்து எக்ஸ்சேஞ்சில் அந்த எண்ணுக்கு ட்ரங்க் கால் சொல்லி வைப்பார் முத்திருளன். சொல்லிவிட்டு உடனே பேச முடியாது. லைன் கிடைத்தபிறகு அவர் நிற்கிற மருந்துக் கடையில் மணி அடிக்கும், எடுத்துப் பேச வேண்டும். அதுவரை அவர் அந்தப் போன் பக்கத்திலேயே நிற்பார். இப்போது அப்பாவின் கடையும் இல்லை, அப்பாவும் இல்லை, அந்த எண்ணை அவளே மறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

காளை போனபிறகு அவர் பாதத்தைக் கழுவி மருந்து போட்டாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பார்த்தா நல்ல மாதிரி தெரியுது," என்றார். "உசிலம்பட்டிக்கு ஒரு கால் சொல்லியிருக்கேன். இன்னும் வரல. நாகஜோதின்னு பேரு. கடைக்குள்ளதான் இருக்கும். இங்க கொஞ்சம் உக்காந்துக்கிரவா?"

"உக்காருங்க," என்றாள். "இப்ப வந்துரும்."

நாகஜோதி அவருடைய நாற்காலியைத் தொலைபேசிக்கு அருகில் இழுத்துப் போட்டுவிட்டு, செல்லை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய அந்த எண்ணை அழுத்தினாள். கூடத்தில் மணி அடித்தது. மூன்றாவது மணியில் அவர் எடுத்தார்.

"ஹலோ, உசிலம்பட்டி முன்னூத்திப் பன்னெண்டா?"

"ஆமா."

"நாகஜோதி இருக்கா?"

"நாந்தேன் பேசுறேன்."

அவர் மூச்சு விடுவது செல்லிலும் கேட்டது, கூடத்திலிருந்தும் கேட்டது.

"காலையில இருந்து நிக்கிறேன் பிள்ளை. லைனே கிடைக்கல. என்னைய மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா கடையிலயே இருந்தாரு. அதான் எடுக்க முடியல."

"சரி, விடு. நான் கிளம்பி வாரேன். பஸ்ஸு இருக்கு."

"வேணாம்," என்றாள் அவசரமாக. "வெளிய எங்கயும் கிளம்பாதீங்க. நீங்க அங்கனயே இருங்க. நான் வாரேன்."